ஒரே வாரத்தில் பழுத்த தார்: வாழைப்பழத்தை உறைய வைப்பது பற்றி வாசகர் கேள்விகள்

ஆயுத பூஜையும் திருமணங்களும் முடிந்த கையோடு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் வாழைப்பழத்தைப் பற்றியவையாகவே இருப்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: எங்கள் கொல்லையில் பூவன் தாரை வெட்டினால் ஒரு வாரத்துக்குள் முழுவதும் பழுத்துவிடுகிறது. கோயிலுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்த பிறகும் நான்கைந்து சீப்பு மிஞ்சுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துப்போகிறது. ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும் என்று மருமகள் சொல்கிறாள். உண்மைதானா? எப்படி வைப்பது?
— மன்னார்குடி வாசகி

பதில்: மருமகள் சொல்வது உண்மைதான். ஆனால் ஃப்ரீசரிலிருந்து வெளியே வருவது உரித்துச் சாப்பிடும் பழம் அல்ல, சமையலுக்கும் பாலில் அடிப்பதற்கும் ஆகிற பழம் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தில் நான்கில் மூன்று பங்கு நீர்தான். வீட்டு ஃப்ரீசரில் அந்த நீர் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகிப் பழத்தின் நுண்ணறைச் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. பனி இளகியதும் கிழிந்த சுவர்களால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் பழம் துவண்டுவிடுகிறது. இது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த பழம் கறுப்பதற்குக் காரணம் வேறு. வாழை வெப்பமண்டலப் பயிர். ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன் தோல் குளிர்க்காயம் அடைகிறது. தோலின் அறைகள் சிதைந்து, தனித்தனியே இருந்த நொதியும் துவர்ப்புப் பொருட்களும் ஒன்றோடொன்று கலந்து கருநிறம் கொள்கின்றன. நன்றாகப் பழுத்த பழமாக இருந்தால் தோல் எவ்வளவு கறுத்தாலும் உள்ளே சதை இரண்டு மூன்று நாட்களுக்கு நன்றாகவே இருக்கும். செங்காயாக வைத்ததுதான் வீணாகும், ஏனென்றால் குளிரில் கிடந்த காயை வெளியே எடுத்துவைத்தாலும் அது பிறகு ஒழுங்காகப் பழுப்பதில்லை.

ஃப்ரீசருக்கும் இதே விதிதான் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, உறைய வைத்த நிமிடம் அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. அரைப்பழுப்பில் உள்ளே வைத்தால் ஆறு வாரம் கழித்து எடுக்கும்போதும் அது அரைப்பழுப்பாகவே, துவர்ப்பு மாறாமல், வெறுமனே கொழகொழத்து வெளிவரும். ஆகவே தோல் முழு மஞ்சளாகி, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்து, கையில் எடுத்தாலே மணம் தெரிகிற நிலையில் உள்ள பழத்தைத் தேர்ந்தெடுங்கள். காம்பில் பூசணம் பிடித்ததையும், தோல் வெடித்து நீர் கசிவதையும், புளித்த வாடை அடிப்பதையும் ஒதுக்கிவிடுங்கள். ஃப்ரீசர் எந்தப் பழத்தையும் திருத்திக் கொடுப்பதில்லை, கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும்.

தோலை உரித்து, நாரை வழித்துவிட்டு, ஒரு விரற்கடை கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பரை விரித்து, வில்லைகள் ஒன்றையொன்று தொடாதபடி பரப்பி, தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தட்டை எடுத்துச் சற்றே தட்டினால் வில்லைகள் கூழாங்கற்கள் போல் கலகலவென்று பெயர்ந்து வரும். அவற்றை உடனே ஜிப் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, மூடி, தேதியையும் வகையையும் எழுதி மீண்டும் உள்ளே வையுங்கள். தட்டில் பரப்புகிற அந்த ஒரு வேலையைத் தவிர்த்து, நேரே பையில் கொட்டி வைத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பாறையாகிவிடும். பிறகு ஒரு டம்ளர் பாலுக்கு நான்கு வில்லை வேண்டுமென்றாலும் முழுப் பையையும் இளக வைக்க நேரும்.

பணியாரம், அப்பம் செய்வதற்காகவே வைக்கிறீர்கள் என்றால் வில்லைகள்கூட வேண்டாம். பழத்தை மசித்து, ஒரு முறைக்குத் தேவையான அளவை அளந்து, தனித்தனிப் பைகளில் போட்டுத் தட்டையாக அழுத்தி அடுக்கிவிடலாம். தட்டையான பை விரைவில் உறையும், விரைவில் இளகும், இடத்தையும் அடைக்காது. டப்பாவில் வைப்பதாக இருந்தால் விளிம்பில் அரை அங்குலம் இடம் விட்டு மூடுங்கள், உறையும்போது மசியல் சற்று விரிவடையும்.

இன்னொன்று. கொல்லையில் தார் வெட்டுகிற வீடுகளில் ஃப்ரீசரைத் தேடுவதற்கு முன்பே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட முடியும். தாரை முழுவதுமாகப் புகை மூட்டம் போட்டால் எல்லாச் சீப்பும் சேர்ந்து பழுப்பது இயல்பு. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது, அது பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டுகிறது. மேல் சீப்பு மஞ்சளிக்கத் தொடங்கியதும் அதை அறுத்து வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, மிச்சத் தாரைக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் சீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும். மிஞ்சுவது குறையும்.

கேள்வி: எந்த வகைப் பழம் உறைய வைப்பதற்கு ஏற்றது? கடையில் கிடைக்கிற பச்சைப்பழம் சரிவருமா, நாட்டு வகைகள்தான் வேண்டுமா?
— கோவை, ஈரோடு, காரைக்குடி வாசகர்கள்

பதில்: வெளிநாட்டுக் குறிப்புகளில் வாழைப்பழம் என்றாலே ஒரே வகையைத்தான் நினைத்து எழுதுகிறார்கள். நாம் பச்சைப்பழம், மோரிஸ், ரோபஸ்டா என்று பல பெயரில் வாங்குகிற பழங்களின் குடும்பம் அது. நம் நிலைமை வேறு. திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் இயங்குகிற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தொகுப்பில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன, நம் சந்தைகளிலேயே பத்துப் பன்னிரண்டு வகைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எல்லாமே ஒரே மாதிரி உறைவதில்லை.

பாலில் அடிப்பதற்கு மோரிஸும் ரோபஸ்டாவும் நன்றாகவே ஒத்துவரும். சதை வழவழப்பானது, உறைந்த வில்லைகளை மிக்ஸியில் அடித்தால் ஐஸ்க்ரீம் போலத் திரண்டு வரும். ஆனால் மணம் குறைவு. மணத்துக்கு என் வாக்கு கற்பூரவள்ளிக்கு. இனிப்பு மிகுந்த அந்தப் பழத்தை மசித்து உறைய வைத்தால், கோதுமை அப்பத்துக்குப் போடும் வெல்லத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளலாம். பூவனில் இனிப்போடு லேசான புளிப்பும் உண்டு. அதனால் பால் சேர்க்கிற பானங்களைவிட மாவு சேர்க்கிற பலகாரங்களுக்கே அது பொருத்தம்.

ரஸ்தாளியை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் சிறப்பே வாயில் கரைகிற மென்மையும் நளினமான வாசனையும்தான். உறைந்து இளகிய பிறகு அந்த இரண்டில் ஒன்றும் மிஞ்சாது. அது காம்பை விட்டு உதிர்வதற்கு முன் சாப்பிட்டுத் தீர்ப்பதே அதற்குச் செய்கிற மரியாதை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கும், மலைப்பழங்களான விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் இதையே சொல்வேன். விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது, அவற்றைக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியாக்குவானேன்?

நேந்திரன் தனி வகை. சதை கெட்டியாகவும் மாவுச்சத்து மிகுந்தும் இருப்பதால் மற்றவற்றைவிட உருக்குலையாமல் தாங்கும். நன்றாகப் பழுத்த நேந்திரத்தை ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, நடுவில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, துண்டுகளாக உறைய வையுங்கள். பழப் பிரதமனுக்கும் நெய்யில் வதக்கிச் சாப்பிடுவதற்கும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். செவ்வாழையும் உறைய வைக்கலாம், ஆனால் அது முழுப்பக்குவம் அடைந்ததா என்று அழுத்திப் பார்த்துவிட்டு வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

வகை எதுவானாலும், வெளியே ஒரே சீரான மஞ்சளாகப் பளபளத்து உள்ளே கட்டியாக இருக்கிற கடைப்பழத்தை வாங்கியவுடன் உறைய வைக்காதீர்கள். அது மேலுக்குத்தான் பழுத்திருக்கிறது. புள்ளி விழும்வரை கூடத்தில் வைத்திருந்து பிறகு எடுங்கள்.

கேள்வி: தோலோடு அப்படியே ஒரு சீப்பை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். இப்போது கல் போல் இருக்கிறது, உரிக்கவே முடியவில்லை. ஒன்றை வெளியே வைத்துப் பார்த்தேன், தோல் கரிபோல் கறுத்து, உள்ளே இருந்து பழுப்பு நீர் வடிந்தது. எறிந்துவிட வேண்டுமா?
— சென்னை வாசகி

பதில்: வைக்கும்போது நல்ல பழமாக இருந்திருந்தால் எறிய வேண்டியதில்லை. உறைந்த நிலையில் நகத்தால் உரிக்க முயலாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் குழாய்த் தண்ணீரில் சில நொடிகள் காட்டி, இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டால் தோல் பட்டையாகக் கழன்று வரும். அல்லது ஒரு கிண்ணத்தில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு முனையை வெட்டி மறுமுனையிலிருந்து பிதுக்கினால் சதை தானாக வந்து விழும்.

கிண்ணத்தில் தேங்கிய அந்தப் பழுப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். பழத்தின் சர்க்கரையும் மணமும் பெருமளவு அதில்தான் இருக்கின்றன. மாவு கரைக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றலாம்.

கேள்வி: உரித்து வைத்த பழமும் இரண்டு மாதத்தில் பழுப்பேறுகிறது. எலுமிச்சைச் சாறு தெளிக்கச் சொல்கிறார்கள், ஆனால் பாலில் அடித்தால் திரிந்துவிடாதா? அதோடு, எங்கள் பழத்தில் மீன் வாடை வருகிறது.
— தூத்துக்குடி வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்றாலும் இரண்டுக்கும் காற்றுதான் வழிவகுக்கிறது. பழத்தின் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துவர்ப்புப் பொருட்களைப் பழுப்பாக்குகிறது. குளிரில் இந்த வேலை மிகவும் மந்தமாகும், முழுதாக நின்றுவிடாது. எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது, அதிலுள்ள வைட்டமின் சி-யும் நிறமாற்றத்தைத் தடுக்கிறது. ஒரு கப் மசியலுக்கு ஒரு தேக்கரண்டி சாறு போதும். அந்த அளவு பழத்தை நிறையக் குளிர்ந்த பாலில் அடித்து உடனே குடித்தால் பெரும்பாலும் திரிவது தெரியாது. சூடான பாலிலோ பாயசத்திலோ சேர்ப்பதாக இருந்தால் சாறு தெளிக்காத பையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பணியாரத்துக்கும் அப்பத்துக்கும் நிறத்தைப் பற்றிய கவலையே வேண்டாம், வெல்லம் சேர்ந்ததும் எல்லாம் ஒரே நிறம்தான்.

மீன் வாடைக்குப் பையின் வாய் சரியாக மூடாததே காரணம். சாதாரணக் கடைப் பாலிதீன் பைகள் மெல்லியவை, வாசனையை மறிப்பதில்லை. தடித்த ஜிப் பையில் இட்டு, அதையும் மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களிடம் மீனை ஃப்ரீசரில் வைக்காதீர்கள் என்று சொல்கிற துணிவு எனக்கில்லை. ஆனால் பழத்தை மேல்தட்டிலும் மீனைக் கீழ்த்தட்டிலும் வைத்தால், உருகும் மீன் நீர் பழத்தின் மேல் சொட்டும் ஆபத்தாவது இராது.

கேள்வி: எங்களுடையது பழைய ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி. புயல் வந்தால் இரண்டு மூன்று நாள் மின்சாரம் போய்விடும் ஊர் இது. இப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு நாள் வைக்கலாம்?
— கடலூர் வாசகர்

பதில்: மாதக்கணக்கு என்று நாம் பேசுவதெல்லாம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸை எட்டுகிற ஃப்ரீசருக்கே பொருந்தும். அந்தக் குளிரில் கிருமிகள் சாவதில்லை, ஆனால் பெருகுவதும் இல்லை. ஆகவே பழம் கெடுவதில்லை, சுவையும் மணமும்தான் நாளாக ஆகக் குறைகின்றன. இரண்டு மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள் என்று சொல்வது சுவையைக் கருதித்தான். ஆறு மாதம் கிடந்ததும் ஆபத்தானது அல்ல, ஆனால் வெளுத்து, வறண்டு, அட்டை போல் ருசிக்கும்.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் உள்ள பனி அறை அந்த அளவு குளிர்வதில்லை. சில பெட்டிகளில் அந்த அறையின் கதவில் நட்சத்திரக் குறிகள் பொறித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18 டிகிரி என்று பொருள். மின்சாரச் சிக்கனத்துக்காக வெளிக்கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நட்சத்திர அறையில் ஒரு வாரமும், இரண்டு நட்சத்திர அறையில் மூன்று நான்கு வாரங்களும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வில்லைகளை விரலால் அழுத்தினால் சற்றே அமுங்குகிறது என்றால் உங்கள் அறை போதுமான குளிரில் இல்லை. சர்க்கரை கலந்த நீர் வெறும் தண்ணீரைப் போல் சுழியத்திலேயே இறுகிவிடுவதில்லை. அதனால்தான் பக்கத்தில் உள்ள பனிக்கட்டி கல்லாக இருக்கும்போதும் பழம் இளக்கமாக இருக்கிறது.

மின்தடையைப் பொறுத்தவரை, முழுக்க நிரம்பிய தனி ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் வெயிலுக்கும் சிறிய பனி அறைக்கும் அதில் பாதியைக்கூட நான் நம்புவதில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, காலியிடத்தில் அடுக்கி உறைய விடுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். ஊரைவிட்டு வெளியே தங்கித் திரும்பும்போது காசு பனியின் மேலேயே இருந்தால் பெரிதாக எதுவும் இளகவில்லை என்று பொருள். காசு கிண்ணத்தின் அடியில் கிடந்து மேலே தண்ணீர் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பழத்தைக் குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு வாழைப்பழ மசியலை உறைய வைத்துக் கொடுக்கலாமா? வேலைக்குப் போகிற எனக்குத் தினமும் மசிக்க நேரமில்லை.
— திருநெல்வேலி வாசகி

பதில்: கொடுக்கலாம், அம்மா. ஆனால் உள்ளதைச் சொன்னால், ஒரு பழத்தை உரித்துக் கரண்டியால் மசிக்கிற நேரம் பனியை இளக வைக்கிற நேரத்தைவிடக் குறைவு. பழம் தினமும் கிடைக்காத ஊரில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கையையும் பாத்திரத்தையும் நன்றாகக் கழுவி, ஐஸ் தட்டின் குழிகளில் மசியலை நிரப்பி, மேலே மூடி உறைய வைத்து, கட்டிகளைப் பைக்கு மாற்றி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு கட்டிகளை மட்டும் முந்தைய இரவே கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, கட்டி ஏதும் மிஞ்சாமல் மசித்துக் கொடுங்கள். குழந்தையின் வாயில் பட்ட கரண்டி தொட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்காதீர்கள். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று அதில் தேன் சேர்க்கவும் வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது.

கேள்வி: வாழைக்காயையும் வாழைப்பூவையும் இதே போல் வைக்க முடியுமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: முடியும், ஆனால் இவற்றைப் பச்சையாக உறைய வைக்கக் கூடாது. பழத்தில் பழுப்பேறுவதற்குக் காரணமான அதே நொதி காயிலும் பூவிலும் இன்னும் வேகமாக வேலை செய்கிறது. கொதிநீர்தான் அதை முடக்கும்.

மொந்தன் காயைத் தோல் சீவி, வறுவலுக்கோ பொரியலுக்கோ தேவையான அளவில் நறுக்கி, நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். பிறகு வடித்து, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்த கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் போட்டு, நடுவில் இன்னும் கடிபடும் பக்குவத்தில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் கொட்டி ஆறவையுங்கள். துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்த பிறகுதான் தட்டும் பையும். சமைக்கும்போது இளகவிட வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே தாளித்த எண்ணெயில் போடுங்கள். இளகவிட்டுப் போட்டால் பொரியல் செய்யப் போய் மசியல் ஆகிவிடும்.

வாழைப்பூவை ஆய்வதுதான் பெரும் வேலை என்பதால், உறைய வைப்பதில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இதுதான். நரம்பும் பாளைச் செதிலும் எடுத்து, நறுக்கி மோர்த் தண்ணீரில் போட்டு, அரைவேக்காடாக வேகவைத்துப் பிழிந்து, ஒரு வேளைப் பொரியலுக்கு ஆகும் அளவில் உருண்டை பிடித்து உறைய வைத்தால், பருப்பு உசிலியும் வடையும் நினைத்த நாளில் செய்யலாம். வாழைத்தண்டை மட்டும் விட்டுவிடுங்கள். உறைந்து எழுந்த தண்டு நாராகத்தான் இருக்கும்.

கேள்வி: உறைய வைத்த பழத்தில் சர்க்கரை குறைந்துவிடும், நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.
— வேலூர் வாசகர்

பதில்: குறையாது. குளிர் சர்க்கரையை எங்கும் கொண்டுபோவதில்லை. உறைய வைப்பதற்கு நாம் தேர்ந்தெடுப்பதே நன்றாகப் பழுத்த, சர்க்கரை மிகுந்த பழம் என்பதால் எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும். பொட்டாசியமும் அப்படியே இருக்கும். சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் வாழைப்பழத்தை விலக்கச் சொல்லியிருந்தால், உறைந்த பழமும் விலக்கில் அடங்கும். சிறிதளவு குறைவது வைட்டமின் சி. வாழைப்பழம் அதற்குப் பெயர்பெற்ற பழம் அல்ல என்பதால் அதைப் பெரிய இழப்பாகக் கருத வேண்டியதில்லை.

கேள்வி: எடுத்த பழத்தை என்னென்ன செய்யலாம்? ஒரு முறை இளகிய பழத்தை மறுபடி உறைய வைக்கலாமா?
— சேலம், தஞ்சாவூர் வாசகியர்

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளகியிருந்தால், கையில் இன்னும் சில்லென்று இருந்தால் மறுபடி வைக்கலாம், ஆனால் சுவை இன்னொரு படி இறங்கும். சமையலறை மேடையில் சில மணி நேரம் கிடந்ததை வைக்காதீர்கள். அதை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

செய்வதற்கு மிக எளியது கோதுமை அப்பம். ஒரு கப் இளகிய மசியலுக்கு ஏறக்குறைய ஒரு கப் கோதுமை மாவும், பாகாகக் கரைத்து வடிகட்டிய வெல்லம் கால் கப்பும், இரண்டு தேக்கரண்டி அரிசி மாவும், ஏலத்தூளும், பல்லுப்பல்லாக நறுக்கி நெய்யில் வறுத்த தேங்காயும் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். புதிய பழத்துக்கும் உறைந்த பழத்துக்கும் இங்கேதான் வேறுபாடு தெரியும். உறைந்த பழம் நீர்விடுவதால் தண்ணீரே ஊற்றாமல் பிசைந்து, பத்து நிமிடம் விட்டுப் பார்த்து, அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும் தெளியுங்கள். முதலிலேயே ஊற்றிவிட்டால் மாவு நீர்த்து, அப்பம் எண்ணெயைக் குடிக்கும். பணியாரக் கல்லில் நெய் தொட்டு, தீயைக் குறைத்துச் சுட்டெடுங்கள். பழச் சர்க்கரை விரைவில் கருகும் இயல்புடையது, பெருந்தீயில் வெளியே கறுத்து உள்ளே மாவு வேகாமல் நிற்கும்.

பாலில் அடிப்பதற்கு வில்லைகளை இளக்கவே வேண்டாம். ஆனால் மிக்ஸியின் சிறிய ஜாரில் கல் போன்ற வில்லைகளை நிரப்பிப் பாலில்லாமல் ஓட்டினால் மோட்டார் திணறும். ஐந்து நிமிடம் வெளியே வைத்து, சிறிது பால் ஊற்றி, விட்டுவிட்டு ஓட்டுங்கள். ரவை கேசரியிலும் சேர்க்கலாம், ரவை வெந்த பிறகு, சர்க்கரையோடு.

கேள்வி: பழனியிலிருந்து வாங்கிவந்த பஞ்சாமிர்தத்தையும், வீட்டில் செய்ததையும் ஃப்ரீசரில் வைக்கலாமா?
— ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: அதற்குத் தேவையே இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலமும் சேர்கின்றனவே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தில் உள்ள நீரையும் அந்த மிகுதியான சர்க்கரை தன்னோடு கட்டிப்போட்டுவிடுவதால் கிருமிகள் வளர்வதற்கு ஈரம் கிடைப்பதில்லை. ஃப்ரீசரில் வைத்தால் நெய் தனியே உறைந்து திரிதிரியாக நிற்கும், சுவையும் மங்கும்.

வீட்டில் செய்ததை அதே போல் நம்பிவிட முடியாது. வீட்டுப் பஞ்சாமிர்தத்தில் நாம் சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறோம், நீர் மிகுந்த கடைப்பழத்தைச் சேர்க்கிறோம், சிலர் திராட்சையும் மாதுளையும்கூடக் கலக்கிறார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிடுங்கள். எதுவானாலும் எடுக்கிற கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது. மேலே சிறு குமிழிகள் தோன்றி, மூடியைத் திறக்கும்போது கள் வாடை வந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது, பிரசாதமாயிற்றே என்று பார்க்காமல் செடிக்கடியில் கொட்டிவிடுங்கள்.